குடலிறக்கம்: மறைத்து வைக்கும் நோயல்ல, சரிசெய்து கொள்ளும் நோய்



சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிக்கு மேற்கே உள்ள நம் திருப்புட்குழியிலும், பக்கத்திலே பாலுசெட்டிசத்திரத்திலும் கடை வைத்திருப்பவர்களுக்கு மூட்டை என்பது புதிதல்ல. அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெய் டின், மாட்டுத் தீவனம் என்று எது வந்தாலும் லாரியிலிருந்து கடைக்குள் போகும் கடைசிப் பத்தடி தூரம் மனிதனின் முதுகில்தான் போகிறது. பெரிய கடையில் அதற்கென்று ஆள் இருக்கும். சின்னக் கடையில் முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறக்கி வைக்க வேண்டியதுதான். விஜயராகவப் பெருமாள் கோயில் வாசலில் தேங்காய், பழம் விற்பவர்களும் இதற்கு விலக்கல்ல.

இப்படி உழைக்கிற ஆண்களிடையே பரவலாக இருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தொல்லை உண்டு. அதுதான் குடலிறக்கம். மருத்துவர்கள் ஹெர்னியா என்பார்கள். நம் பக்கத்தில் 'இரணியா' என்றும் சொல்வதுண்டு. வீக்கம் வருகிற இடம் அப்படிப்பட்டது என்பதால் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வருஷக் கணக்கில் மறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கல்லாவில் ஐந்து ரூபாய் குறைந்தால் இரவு முழுவதும் கணக்குப் பார்க்கிற நாம், உடம்பில் விழுந்த ஓட்டையை மட்டும் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் இது உயிருக்கு ஆபத்தில்லாத நோய்தான். ஆனால் சில வேளைகளில், சில மணி நேரத்திற்குள், உயிருக்கே உலை வைக்கும் நோயாக மாறிவிடும். எப்போது பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்ற வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதற்காகவே இந்தக் கட்டுரை.

குடலிறக்கம் என்றால் என்ன?

நம் வயிற்றைத் தானியம் நிறைந்த சாக்கு மூட்டையாக நினைத்துக் கொள்வோம். உள்ளே குடலும் கொழுப்பும் இருக்கின்றன. அவற்றை வெளியே வராமல் பிடித்து வைத்திருப்பது தசைகளாலான வயிற்றுச் சுவர். சாக்கில் ஓரிடத்தில் இழை நைந்து போனால் என்ன ஆகும்? மூட்டையை அழுத்தும்போது அந்த இடம் புடைத்துக் கொண்டு வரும். அழுத்தம் குறைந்தால் உள்ளே போகும். வயிற்றுச் சுவரில் நைந்த இடத்தின் வழியாகக் குடலோ கொழுப்போ ஒரு மெல்லிய பையாகப் பிதுங்கி வருவதைத்தான் குடலிறக்கம் என்கிறோம்.

தொப்புளிலும், பழைய ஆபரேஷன் தழும்பிலும்கூட இது வரலாம். ஆனால் ஆண்களுக்கு மிக அதிகமாக வருவது அடிவயிறும் தொடையும் சேருகிற இடுக்கில். இங்கிலாந்தில் எடுத்த ஒரு கணக்கின்படி, ஆயுட்காலத்தில் நூறு ஆண்களில் சுமார் 27 பேருக்கு இந்த இடத்தில் குடலிறக்க ஆபரேஷன் தேவைப்படுகிறது. பெண்களில் அது நூற்றுக்கு 3 பேர்தான். உலகம் முழுவதும் ஆண்டுக்கு இரண்டு கோடிப் பேருக்கு மேல் இந்த ஆபரேஷன் நடக்கிறது. ஆகவே இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோயல்ல. வெட்கப்படுவதற்கும் இதில் ஒன்றுமில்லை.

ஆண்களுக்கு ஏன் அதிகம்?

தாயின் வயிற்றில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விரைகள் வயிற்றுக்குள்ளேதான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் அவை மெல்லக் கீழிறங்கி, தொடை இடுக்கில் உள்ள ஒரு குறுகிய கால்வாய் வழியாக விரைப்பைக்கு வந்து சேர்கின்றன. வந்த பிறகு அந்தப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு முழுவதுமாக மூடுவதில்லை. அந்தத் திறப்பு பிறவியிலிருந்தே இருந்து, குழந்தைப் பருவத்திலோ இருபது வயதிலோ நாற்பது வயதிலோ குடலுக்கு வழிவிடும். இப்படி வருவது கால்வாய் வழியாகவே இறங்கி விரைப்பை வரைக்கும் போய்விடக் கூடும்.

இரண்டாவது வகை, வயதாக ஆகத் தசைச் சுவரே பலம் குறைந்து நேராக முன்பக்கம் புடைப்பது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இது அதிகம். மூன்றாவதாக, இடுக்குக்குச் சற்றுக் கீழே, தொடைக்குப் போகும் இரத்தக் குழாயின் ஓரமாக வருவது ஒன்று உண்டு. ஆண்களுக்கு அது குறைவு, பெண்களுக்கு அதிகம். வாசல் மிகவும் குறுகலானது என்பதால் அதில் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம்.

மூட்டை தூக்கினால்தான் வருமா?

'அன்றைக்கு ஒரு மூட்டையை ஏறுமாறாகத் தூக்கினேன், அதிலிருந்துதான்' என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. பாரம் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே நைந்திருந்த இடம் அன்று வெளியே தெரிந்துவிடுகிறது. ஆனால் வாழ்நாள் முழுவதும் மூட்டை சுமந்தும் இது வராதவர்கள் உண்டு. மூட்டையையே தொடாமல் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர்களுக்கு வந்ததும் உண்டு. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம். நாள்தோறும் பெரும் பாரம் தூக்குவதற்கும், நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்ப்பதற்கும் இந்த நோயோடு தொடர்பு இருப்பதாக டென்மார்க்கில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வயிற்றை அழுத்துகிற காரியங்கள் வேறு பலவும் உண்டு. பீடி, சிகரெட்டால் வரும் நாள்பட்ட இருமல் ஒன்று. பீடி, சிகரெட்டை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மிளகாய் மண்டியிலும் தானியக் குடோனிலும் தூசியைச் சுவாசித்து ஓயாமல் இருமுபவர்களும் உண்டு. மலச்சிக்கலால் தினமும் முக்குவது இன்னொன்று. வயதானவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருப்பது மற்றொன்று. ஆபரேஷனுக்கு முன் மருத்துவர் இருமலையும் சிறுநீரையும் பற்றித் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான். காரணத்தைக் கவனிக்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் மீண்டும் பிய்த்துக்கொள்ளலாம் அல்லவா?

எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு மளிகைக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. பத்து மணிக்குச் சரக்கு இறக்கியபின் தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஏதோ புடைத்ததுபோல் இருக்கும். இருமினால் அது துள்ளும். மாலை நெருங்க நெருங்க அந்தப் பக்கம் இழுப்பது போலவும் கனப்பது போலவும் ஒரு வேதனை. இரவில் மல்லாந்து படுத்தால் வீக்கம் தானாகவே உள்ளே போய்விடும். சில சமயம் 'களுக்' என்ற சத்தமும் கேட்கும். காலையில் மறுபடியும் பழைய கதை. இதுதான் குடலிறக்கத்தின் வழக்கமான நடை. சிலருக்கு வலியே இருக்காது. வீக்கம் மட்டும் தெரியும்.

மருத்துவர் உங்களை நிற்க வைத்து, இருமச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால்தான் ஸ்கேன் தேவைப்படும். எடுத்த எடுப்பில் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி ஏற்படுகிறது. யானைக்கால் நோய் பரவியிருந்த மாவட்டம் காஞ்சிபுரம். அந்த நோயின் விளைவாக விரையைச் சுற்றி நீர் கோத்து வீங்குவதை ஓதம் என்பார்கள். ஓதத்தையும் குடலிறக்கத்தையும் ஒன்றென்று நினைத்து, 'ஊரில் பலருக்கும் இருப்பதுதானே' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு. ஓதம் விரைப்பையோடு நின்றுவிடும், வீக்கத்தின் மேல்முனையை விரலால் தொட முடியும், படுத்தாலும் குறையாது. குடலிறக்கமோ இடுக்கிலிருந்து இறங்கி வருவது. அதன் மேல்முனை வயிற்றுக்குள் போய்விடுவதால் விரலுக்கு அகப்படாது. பெரும்பாலும் படுத்தால் குறையும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்திருக்கவும் கூடும். எது என்று நாமே முடிவு செய்துகொள்ளாமல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. திடீரென்று விரையில் கடும் வலி வந்தால் அது இந்த இரண்டுமல்லாத வேறு அவசரமாகவும் இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எப்போது ஆபத்து?

வெளியே வந்த குடல் திரும்பிப் போக முடியாமல் அந்தக் குறுகிய வாசலில் சிக்கிக்கொள்வதுதான் ஆபத்து. சாக்கின் கழுத்தைச் சணலால் இறுக்கிக் கட்டுவதுபோல அந்த வாசல் குடலை இறுக்குகிறது. முதலில் உணவும் வாயுவும் போவது நின்றுவிடும். இறுக்கம் அதிகமானால் இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுக ஆரம்பித்துவிடும். பிறகு வீக்கத்தை உள்ளே தள்ளி மூடுவதோடு வேலை முடியாது. அழுகிய குடலை வெட்டியெடுக்க வேண்டும். விஷம் உடம்பெங்கும் பரவினால் உயிருக்கே மோசம்.

கீழ்க்கண்ட அறிகுறிகளை மனத்தில் குறித்துக் கொள்வோம்:

1. வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் இன்று போகவில்லை. கல் மாதிரி இறுகியிருக்கிறது.

2. தொட்டாலே தாங்க முடியாத வலி.

3. குமட்டல், வாந்தி.

4. வயிறு உப்புசம், மலமும் வாயுவும் பிரியவில்லை.

5. வீக்கத்தின் மேல் தோல் சிவந்தோ கறுத்தோ போதல், காய்ச்சல்.

இவற்றில் எது கண்டாலும் அதை அன்றைய தினத்தின் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'கடையை மூடிவிட்டு ராத்திரி பார்க்கலாம்', 'லோடு வந்துவிடட்டும்' என்ற பேச்சே கூடாது. வீக்கத்தைப் பலங்கொண்டு அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, பேதிக்கு மருந்து சாப்பிடுவது, எனிமா கொடுப்பது எல்லாமே நிலைமையை இன்னும் கெடுக்கும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவும் குடிக்கவும் வேண்டாம். 108க்குப் போன் செய்து, ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள். காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு மருத்துவமனை இருப்பது நமக்குப் பெரிய வசதி. தூரத்தால் இழக்கும் நேரத்தைவிடத் தயக்கத்தால் இழக்கும் நேரமே அதிகம்.

உடனே ஆபரேஷனா, காத்திருக்கலாமா?

பெரியவர்களுக்கு வந்த குடலிறக்கம் மருந்தாலோ பத்தியத்தாலோ தைலத்தாலோ மூடாது. ஓட்டை விழுந்த சாக்கு தானாக ஒட்டிக்கொள்வதில்லையே. சரிசெய்யும் ஒரே வழி ஆபரேஷன்தான். ஆனால் எல்லோருக்கும் அது நாளைக்கே தேவை என்பதில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் தொந்தரவு அதிகமில்லாத குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆபரேஷன் செய்தும், மற்றவர்களை வெறுமனே கண்காணித்தும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2006ல் வெளியான அதன் முடிவு இது: கண்காணிப்பில் இருந்தவர்களுக்குக் குடல் திடீரென்று சிக்கிக்கொள்ளும் ஆபத்து, ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் இரண்டு பேருக்கும் குறைவு. ஆகவே தொந்தரவில்லாதவர் மருத்துவரின் கண்காணிப்பில் பொறுத்திருப்பதில் தவறில்லை என்று கண்டார்கள். ஆனால் அவர்களையே தொடர்ந்து கவனித்தபோது, பத்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 68 பேர், பெரும்பாலும் வலி அதிகமானதால், ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு என்றாவது ஒருநாள் செய்தே தீர வேண்டியதுதான். சரக்கு மலிவாக இருக்கும்போது வாங்கிப் போடுவதுபோல, உடம்பு நன்றாக இருக்கும்போது, வியாபாரம் மந்தமான ஒரு மாதமாகப் பார்த்துச் செய்துகொள்வது புத்திசாலித்தனம். ஆடி மாதம் வியாபாரம் குறைவு என்று புலம்பும் நமக்கு அதுவே ஒரு நல்ல வாய்ப்பு. தீபாவளிக்கு முதல் வாரம் வீக்கம் சிக்கிக்கொண்டு அவசர ஆபரேஷனுக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல். வலி இருப்பவர்கள், வீக்கம் வளர்ந்துகொண்டே போகிறவர்கள், தினமும் பாரம் தூக்குகிறவர்கள் ஒத்திப்போடாமல் இருப்பதே நல்லது. வீக்கம் உள்ளே போவதற்குச் சிரமப்படுகிறது என்றால் மருத்துவரைச் சீக்கிரமே பார்த்துவிட வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வந்தால் காத்திருப்பதே கூடாது. குடல் சிக்கும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வீக்கத்தை வெளியே வராமல் சற்று அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். குணமாக்காது. வீக்கம் வெளியே இருக்கும்போதே மேலே பெல்ட்டைக் கட்டினால் குடல் நசுங்கும். மருத்துவர் சொல்லாமல் வாங்கிக் கட்ட வேண்டாம்.

சிகிச்சை வளர்ந்த விதம்

கிழிந்த சாக்கைச் சரிசெய்ய நமக்கு இரண்டு வழிகள் தெரியும். கோணி ஊசியும் சணலும் எடுத்து இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைப்பது ஒரு வழி. அடியில் வேறொரு துண்டு வைத்து ஒட்டுப் போடுவது இன்னொரு வழி. முதல் வழியில் தையல் இழுத்துக்கொண்டே இருக்கும். பாரம் ஏறினால் பக்கத்திலேயே பிய்த்துக்கொள்ளும். ஒட்டுப் போட்டால் இழுப்பு இல்லை.

குடலிறக்க ஆபரேஷனின் சரித்திரமும் இதேதான். இத்தாலி நாட்டுப் பதுவா நகரத்து எடுவர்டோ பஸ்ஸினி என்ற அறுவை நிபுணர் 1880களில் தசைகளை அடுக்கடுக்காக இழுத்துத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்குமுன் செய்த முறைகளில் நோய் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பஸ்ஸினியின் முறை உலகெங்கும் பரவி நூறாண்டுக் காலம் கொடிகட்டிப் பறந்தது. அதிலும் இழுத்துத் தைத்ததன் வலியும், சிலருக்கு நோய் திரும்புவதும் இருக்கத்தான் செய்தன. 1980களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் டாக்டர் இர்விங் லிக்டன்ஸ்டைன், தசையை இழுக்காமல் செயற்கை இழையாலான வலைத்துண்டை ஒட்டுப் போல வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். வலையின் கண்களுக்குள் நம் உடம்பின் திசுவே வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். இன்று திறந்த முறையில் பரவலாகச் செய்யப்படுவது இதுதான்.

மற்றொன்று லேப்பராஸ்கோப்பி எனப்படும் துளை வழி ஆபரேஷன். வயிற்றில் மூன்று சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடியே உள்பக்கத்திலிருந்து வலையை வைப்பார்கள். 1990ல் மும்பையில் டாக்டர் டி. ஈ. உத்வாடியா துளை வழியாகப் பித்தப்பையை எடுத்ததிலிருந்து இந்தியாவில் இம்முறை வேர்விட்டது. தமிழ்நாட்டில் இதை வளர்த்தவர்களில் கோவை டாக்டர் சி. பழனிவேலு முக்கியமானவர்.

எது சிறந்தது என்று கேட்பார்கள். துளை முறையில் வலி சற்றுக் குறைவு. வேலைக்குத் திரும்புவதும் சற்றுச் சீக்கிரம். இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்கும், ஒரு தடவை திறந்து செய்து மறுபடி வந்தவர்களுக்கும் அது பெரிதும் பொருந்தும். ஆனால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும், தேர்ந்த கை வேண்டும், செலவும் கூடுதல். திறந்த முறையை முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தோ முடித்துவிடலாம். இருதயக் கோளாறு உள்ள வயதானவர்களுக்கு அது பெரிய சௌகரியம். தேர்ந்த மருத்துவர் செய்தால் இரண்டுமே நல்லவைதான். எந்த முறையில் அவருக்குக் கைப்பழக்கம் அதிகமோ அந்த முறையில் செய்துகொள்வது உத்தமம்.

கரூர் கொசுவலையின் பெருமை

விலை பார்த்தே வாங்கும் நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. இந்த வலைத்துண்டு கம்பெனி தயாரிப்பாக வரும்போது விலை அதிகம். மகாராஷ்டிரத்தின் தோண்டாய்ச்சா என்ற சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், ஆந்திரத்தின் டாக்டர் பிரம்ம ரெட்டி முதலிய கிராமப்புற அறுவை மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: இதே மாதிரி இழையில்தானே கொசுவலையும் நெய்கிறார்கள், அதையே கிருமி நீக்கிப் பயன்படுத்தினால் என்ன? ஏழை நோயாளிகளுக்கு அப்படியே செய்து, பல ஊர்களின் அனுபவத்தைத் திரட்டி 2003ல் இந்திய அறுவை சிகிச்சைப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

பலர் நம்பவில்லை. பிறகு ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் 302 ஆண்களைக் கொண்டு முறையான சோதனை நடந்தது. ஒரு பாதிக்குக் கம்பெனி வலை. மறு பாதிக்குக் கொசுவலைத் துணி. முடிவு 2016ல் வெளிவந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்ததில் கொசுவலைப் பிரிவில் ஒரே ஒருவருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது. கம்பெனி வலைப் பிரிவில் யாருக்கும் இல்லை. மற்றபடி இரு பிரிவினருக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கம்பெனி வலை ஏறத்தாழ 125 டாலர். கொசுவலைத் துணியோ ஒரு டாலருக்கும் குறைவு. அந்தத் துணி நம் தமிழ்நாட்டுக் கரூரில் தயாரானது என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் சங்கதி.

இதைப் படித்துவிட்டுக் கடையிலிருந்து கொசுவலையை வெட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டாம்! குறிப்பிட்ட இழை, குறிப்பிட்ட கண் அளவு, முறையான கிருமி நீக்கம் எல்லாம் வேண்டும். நாம் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. வலையின் விலை ஏற ஏறக் குணமும் ஏறும் என்பதில்லை. 'இந்த வலை எதற்காக, இதைவிட விலை குறைந்த நல்ல வலை உண்டா' என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். கொள்முதலில் நாம் கேட்காத கேள்வியா?

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரத்திற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.

ஆபரேஷன் சாதாரணமாக ஒரு மணி நேர வேலை. அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நடக்கலாம். ஓரிரு நாளில் வீட்டுக்கும் வந்துவிடலாம். இடுக்கில் சிறிது வீக்கமும், தோலில் கன்றிய நிறமும், தையலைச் சுற்றி மரத்த உணர்வும் இருப்பது வழக்கம். கல்லாவில் உட்காரும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். மூட்டை தூக்குவதற்கு மட்டும் நான்கு முதல் ஆறு வாரம் வரை பொறுக்கும்படி நம் ஊர் மருத்துவர்கள் பலரும் சொல்வார்கள். உங்களுக்கு எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். 'ஆபரேஷன் ஆனவன் இனி எந்தப் பாரமும் தூக்கக் கூடாது' என்பது மட்டும் சரியல்ல. ஆறிய பிறகு பழைய வேலைக்குத் திரும்பலாம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். நூற்றுக்குப் பத்துப் பேர் வரை அந்த இடத்தில் மாதக்கணக்கில் வலி இருப்பதாகச் சொல்கிறார்கள். அன்றாட வேலையையே தடுக்கும் அளவு வலி மிகச் சிலருக்குத்தான். சிலருக்கு நோய் திரும்பலாம். கிருமி தாக்குவதும், விரைக்குப் போகும் இரத்த ஓட்டம் பாதிக்கப்படுவதும் அபூர்வம். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம், சிறுநீர் போகாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும்.

பலரும் கேட்கத் தயங்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவோம். இந்த ஆபரேஷனால் ஆண்மை குறையாது. வலி அடங்கியதும் இல்லற வாழ்க்கை வழக்கம்போல் நடக்கும். உண்மையில் வீக்கத்தோடு இருப்பதுதான் அதற்கு இடைஞ்சல்.

செலவுக்கு வழி

அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷனை இலவசமாகவே செய்கிறார்கள். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையை அடுத்து, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சென்னையின் பெரிய மருத்துவமனைகளும் இருக்கின்றன. 2012 முதல் நடந்து வரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை உள்ளவர்கள், தங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவமனையில் உள்ள திட்டப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். 1989ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் இன்னும் சேராத உறுப்பினர்கள் சேர்ந்துகொள்வதும் நல்லது.

தனியார் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பாலிசிகளில் குடலிறக்கத்துக்கு இரண்டு வருஷக் காத்திருப்புக் காலம் உண்டு. வீக்கம் கண்ட பிறகு ஓடிப்போய்ப் பாலிசி எடுத்தால் பணம் வராது. நோயை மறைத்து எடுத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். பாலிசி எடுக்கும் முன் அந்தச் சின்ன எழுத்துக்களைப் படித்துவிடுங்கள்.

கடையில் நாம் செய்யக்கூடியவை

ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டை 100 கிலோ. பிறகு 50 கிலோ ஆயிற்று. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பங்கள் கிளம்பியதை நாம் அறிவோம். வரியால் வந்த மாற்றமானாலும், 50 கிலோவை விட 26 கிலோ நம் இடுப்புக்கும் வயிற்றுக்கும் நல்லதே. கொள்முதலில் முடிந்தவரை சின்னச் சிப்பமாகக் கேட்டு வாங்கலாம். ஒரு கைவண்டியோ உருளை வைத்த பலகையோ வாங்கிப் போட்டால் அது வருஷக்கணக்கில் உழைக்கும். மூட்டையை மூச்சுப் பிடித்து முக்கித் தூக்காமல், முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டபடி எழுந்திருப்பது முதுகுக்கும் வயிற்றுக்கும் பாதுகாப்பு. ஐம்பது கிலோவை ஒருவரே தூக்காமல் இருவராகத் தூக்கினால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடாது.

2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்கள் உட்கார்வதற்கு இருக்கை தர வேண்டும் என்பது கட்டாயமாகிவிட்டது. அதைச் சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, நம்மிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளின் உடம்பை நினைத்துச் செய்வோம்.

இன்னொன்றும் உண்டு. முதலாளிக்கு வந்தால் அவர் மருத்துவரிடம் போய்விடுவார். மூட்டை இறக்கும் தொழிலாளிக்கு வந்தால், சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்க மாட்டார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டையைச் சுமந்துகொண்டே இருப்பார். ஆறு வாரம் அவருக்குக் கல்லா ஓரமாக நிறுவை போடும் வேலை கொடுத்துப் பார்ப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. 'உனக்கு அப்படி ஏதாவது இருந்தால் சொல்லப்பா, போய்ப் பார்த்துவிட்டு வா, வேலை உனக்குத்தான்' என்று முதலாளி வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை, ஒரு குடும்பத்தையே காப்பாற்றக் கூடியது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நம் வயிற்றின் சுவரில் விரிசல் கண்டால் அதை மறைக்க வேண்டாம். இந்த இதழைப் படித்து முடித்ததும் கடையிலிருக்கும் மற்றவர்களிடமும் கொடுங்கள். வாய்விட்டுக் கேட்கத் தயங்குபவர் யாராவது அங்கே இருக்கக் கூடும்.